உப்புக்கல் அளவு மட்டும் போதுமா?

மூளையின் மின் துடிப்புகளைக் கம்பியின்றிப் பதிவு செய்யும் நுண்கருவிகளைப் பற்றி அவ்வப்போது செய்திகள் வருகின்றன. 'நரம்புத் தூசு', 'உப்புக்கல்லைவிடச் சிறியது' என்பன போன்ற தலைப்புகளைப் பார்க்கிறோம். அளவைக் கண்டு வியக்கும் இச்செய்திகள் ஒரு கேள்வியை எழுப்புவதில்லை. இத்தனை சிறிய கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கம்பியை நீக்க விரும்புவதில் நியாயம் உண்டு. மூளை மென்மையானது, மண்டை ஓட்டுக்குள் சற்றே அசைந்து கொண்டிருப்பது. ஓட்டுடன் பிணைத்த கம்பி அதற்கு ஈடு கொடுக்காது. நாளடைவில் மின்முனையைச் சுற்றித் தழும்பு வளர்ந்து பதிவு மங்குகிறது. ஆனால் செய்தியை வெளியே கொண்டுவந்த அதே கம்பிதான் மின்சாரத்தை உள்ளே எடுத்துச் சென்றது என்பதை மறக்கலாகாது.

ரேடியோ அலையை எடுத்துக் கொள்வோம். 100 கோடி ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் அலைநீளம் காற்றில் 30 செ.மீ.; திசுவுக்குள்ளும் சில சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர்க் கருவியின் ஏரியல் இதில் சிறு துளியையே பிடிக்க முடியும். 2021இல் பிரவுன் பல்கலைக்கழகத்தார் இத்தகைய 48 துணுக்குகளை எலியின் மூளை மேற்பரப்பில் வைத்து இயக்கியது பாராட்டுக்குரியது. ஆற்றலை அனுப்பும் கருவி வெளியே, தலைமீது இருந்தது.

கேளா ஒலி இன்னும் பொருத்தமாகத் தோன்றும். திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். அதிர்வெண் 1 கோடி ஹெர்ட்ஸ் எனில் அலைநீளம் 0.15 மி.மீ. பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்கு இது. இவ்வழியில்தான் பெர்க்லி ஆய்வாளர்கள் 2016இல் தங்கள் 'தூசை' இயக்கினர். அதன் நீளம் 3 மி.மீ.! பதிவு செய்ததோ மூளையை அல்ல. எலியின் கால் நரம்பையும் தசையையும். மண்டை ஓடு கேளா ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும். அதனால்தான் 2013இல் அவர்கள் முன்வைத்த திட்டத்தில், ஓட்டுக்கு அடியில் மற்றொரு கருவியும் இடம் பெற்றிருந்தது. தலைப்பை மட்டும் படித்தவருக்கு இது தெரிய வழியில்லை.

2025இல் கார்னெல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கருவி இவற்றினும் சிறியது. நீளம் சுமார் 300 மைக்ரான், அகலம் 70 மைக்ரான். லேசர் ஒளியால் ஆற்றல் பெற்று, அகச்சிவப்புத் துடிப்புகளால் பதில் சொல்கிறது. சுண்டெலியின் மூளையில் ஓராண்டுக்கு மேல் அது உழைத்தது. என் கருத்தில் இச்சாதனையின் சிறப்பு அந்த ஓராண்டுதான். உப்புக்கல் ஒப்புமை அன்று. எனினும் திசுவில் ஒளி விரைவில் சிதறும். ஆழம் கூடக்கூட ஒளியையும் கூட்ட வேண்டும். கூட்டினால் திசு சூடாகும்.

கம்பி போயிற்று, கம்பி செய்த வேலை போகவில்லை. 2024 ஜனவரியில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட நியூராலிங்க் கருவி மின்கலத்துடன் கூடிய, நாணயம் போன்ற வில்லையாக இருப்பதும் இதனால்தான்.

கை கால் செயலிழந்தோரும் அவர்தம் குடும்பத்தினரும் இச்செய்திகளை நம்பிக்கையோடு படிக்கிறார்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. எத்தனை துணுக்குகள், எந்த ஆழத்தில், எத்தனை நாள் வேலை செய்தன, ஆற்றலை யார் ஊட்டினார்கள் என்பவற்றை எழுதாமல் அளவை மட்டும் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. அடுத்த முறை இத்தகைய தலைப்பைக் காணும்போது, வாசகர்கள் முதலில் இந்த விவரங்களைத் தேடிப் பார்ப்பார்களாக!