ஆசானின் குரல் கிடைத்த பிறகு

முதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் வாழ்க்கையைத்தான் கையில் எடுக்கிறார்கள். பிறந்த வீடு, அப்பாவின் கோபம், கைகூடாத காதல். கைக்கு அருகில் இருப்பதை எடுப்பதில் தவறில்லை. ஆனால் சுந்தர ராமசாமி தன் முதல் நாவலுக்கு எடுத்துக்கொண்டது நாகர்கோவிலில் சாலைகள் கூடும் இடத்தில் நின்ற ஒரு புளியமரத்தை. பேசாத, நகராத, யாரையும் நேசிக்காத, யாரையும் வெறுக்காத ஒரு மரத்தைச் சுற்றி ஒரு நாவலைக் கட்டிவிட முடியும் என்று அவருக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியந்துபோகிறேன்.

‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-ல் நூலாக வந்தது. அப்போது அவருக்கு 35 வயது. அந்த வயதில் முதல் நாவல் என்பது பெரிய தாமதமில்லை. ஆனால் அவர் தமிழ் எழுதப் படிக்கக் கற்றதே 18 வயது வாக்கில்தான். சிறுவயது கோட்டயத்தில் கழிந்தது. பள்ளியில் படித்தது மலையாளம். நோயினால் அந்தப் படிப்பும் தடைப்பட்டது. அப்படி வந்த ஒருவர் 1951-ல் புதுமைப்பித்தன் நினைவு மலர் ஒன்றைக் கொண்டுவந்து, தன் முதல் சிறுகதையையும் அதில் எழுதினார். தாமதமாக ஒரு மொழிக்குள் வருகிறவனுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் புதுக்காசு போலக் கையில் கனக்கும். அவருடைய வாக்கியங்களில் ஒரு சொல்கூடச் சும்மா கிடக்காததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நாவல் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. வ. விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ இதழில் ஐம்பதுகளின் இறுதியில் தொடராகத் தொடங்கி, சில அத்தியாயங்களோடு நின்றுபோனது. பாதியில் நின்ற நாவல்கள் பெரும்பாலும் அப்படியே மடிந்துவிடும். எழுதியவரின் ஈரம் காய்ந்துவிடும், பாத்திரங்கள் அந்நியர்களாகிவிடுவார்கள். இது மடியவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவும் இல்லை. பகலில் குடும்பத்தின் ஜவுளிக்கடை. எழுத்தில் சிறுகதைகள், ‘பிரசாதம்’ தொகுப்பு 1964-ல் வந்தது. அதற்கு முன்பே, 1962-ல், தகழியின் மலையாள நாவல் ‘செம்மீன்’ அவருடைய தமிழில் வெளியாகிவிட்டது.

இந்த மொழிபெயர்ப்பை ஒரு துணைவேலையாக நான் பார்ப்பதில்லை. ஒரு பெரிய நாவலை வரி வரியாக இன்னொரு மொழிக்குக் கொண்டுவருகிறவன் அதன் உத்தரம் எது, சுவர் எது என்று தொட்டுத் தெரிந்துகொள்கிறான். ஓர் அத்தியாயம் எங்கே முடிய வேண்டும், ஊர்வம்பு எத்தனை பக்கம் தாங்கும், கடலை எப்போது காட்டி எப்போது மறைக்க வேண்டும் என்பதெல்லாம் வாசகனாக இருக்கும்போது கண்ணில் படாது. நின்றுபோன நாவலை மறுபடி எடுக்கும் தெம்பு அந்த வேலையிலிருந்தும் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி நாவலுக்கே வருவோம். மரம் இப்போது இல்லை என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் நாவல்காரர்கள் கடைசிவரை பொத்திவைக்க ஆசைப்படும் செய்தி அது. அதை முதலிலேயே கொடுத்துவிட்டு, எப்படிப் போனது என்பதற்காக மட்டும் நம்மை உட்காரவைக்கிறார். அடுத்து, தாமோதர ஆசான் வருகிறார். புளியமரம் வந்த கதை, குளம் தூர்ந்த கதை, மகாராஜா அந்த வழியாக வந்த கதை, செல்லத்தாயியின் சாவு எல்லாம் ஆசான் வாயிலிருந்து வருகின்றன. சுற்றி உட்கார்ந்து கேட்கும் இளைஞர்களில் ஒருவன்தான் நமக்குக் கதை சொல்கிறவன். ஆசான் எங்கே நிறுத்துவார், எங்கே காத்திருக்க வைப்பார் என்று அவனுக்குத் தெரியும். ஆசான் சொன்னதெல்லாம் உண்மையா என்று அவனும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

இந்த நாவலின் உயிர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. மரத்தைப் பற்றி எழுதலாம் என்ற எண்ணம் யாருக்கும் தோன்றலாம். அதை யார் சொல்வது? மரம் பேச முடியாது. நகராட்சி ஆவணம் கதை சொல்லாது. ஊர்க்கதை சொல்லும் ஒரு கிழவரின் குரலும், அதைக் கேட்டு வளர்ந்த ஒருவனின் குரலும் சேர்ந்த பிறகுதான் மரத்துக்கு வரலாறு வருகிறது. ஆசான் ஒரு கட்டத்தில் கதையை விட்டே விலகிப்போகிறார். அதன்பின் நடப்பதெல்லாம் இவன் கண்ணால் கண்டவை. கர்ணபரம்பரை முடிந்து செய்தித்தாள் காலம் தொடங்குகிறது. கடைக்காரர்களின் போட்டி, நகராட்சித் தேர்தல், நிருபரின் பேனா, மரத்தைக் காக்க அதைத் தெய்வமாக்கும் தந்திரம், கடைசியில் விஷம். திருவிதாங்கூர் ராஜாங்கம் போய்ச் சுதந்திர இந்தியா வந்ததை ஒரு சந்திப்பின் நிழலுக்குள் இப்படிச் சொல்லிவிட முடிந்திருக்கிறது.

குறை இல்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். பின்பாதியில் வேகம் கூடும்போது சில பாத்திரங்கள் தங்கள் பங்கை மட்டும் ஆற்றிவிட்டுப் போகிறார்கள். ஆசானுக்குக் கிடைத்த சதையும் ரத்தமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு இடம் மிகக் குறைவு. அந்த வகையில் நாகர்கோவில் இருக்கும் அதே மாவட்டத்திலிருந்து 1964-ல் வந்த இன்னொரு முதல் நாவல், ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, வேறொரு திசையில் ஆழம் கண்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே மண்ணிலிருந்து எத்தனை வேறான முதல் நாவல்கள் முளைக்க முடியும் என்பது விளங்கும்.

காற்றாடித் தோப்பு அழிந்து பூங்காவாகும் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றுக்கும் நிழலுக்குமாக இருந்த ஓர் இடத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, அளவெடுத்த செடிகளை நடுகிறார்கள். அந்த இழப்பைச் சொல்லும்போது குரல் உயர்வதில்லை. ஊர்க்காரர்களின் பேச்சு, சின்னக் கேலி, பிறகு மௌனம். முதல் நாவலில் இத்தனை அடக்கம் அரிது. ஒப்பாரி வைக்க இடம் கிடைத்தும் வைக்காமல் போகிற எழுத்தாளனை நான் முழுதாக நம்புவேன்.

சுந்தர ராமசாமி தன் வாழ்நாளில் எழுதியவை மூன்றே நாவல்கள். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981-ல் வந்தது, ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ 1998-ல். ஒவ்வொன்றுக்கும் இடையில் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி. புளியமரம் ஆங்கிலத்துக்குப் போனது, ஹீப்ரூவுக்கும் போனது.

உங்கள் மேசையில் பாதியில் நின்ற கைப்பிரதி ஏதாவது இருந்தால், இந்த நாவலை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கதையை விட்டுவிட்டு, அதை யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் கதை மாறுகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள். பிறகு உங்கள் கைப்பிரதியைத் திறந்து, அதில் யார் பேச வேண்டியவர் என்று பாருங்கள்.