ஆதாம்: பொதுப்பெயரா, இயற்பெயரா?
தொடக்கநூலின் இரு தமிழாக்கங்கள் குறித்து

கிறித்தவ மறையின் முதல் நூல் மனிதத் தோற்றத்தை இரு முறை சொல்கிறது. முதல் அதிகாரம் அதனைச் சில தொடர்களில் கூறி முடிக்க, இரண்டாம் அதிகாரம் மண், தோட்டம், விலா எலும்பு எனக் கதையாக விரிக்கிறது. இரண்டையும் இணைப்பது 'ஆதாம்' என்னும் எபிரேயச் சொல். தமிழ் வாசகர் இதனை ஒருவரது பெயராகவே அறிவர். மூலத்திலோ அது பெரும்பாலும் 'மனிதர்' எனப் பொருள்படும் பொதுப்பெயர். பொதுப்பெயர் எங்கு முடிந்து இயற்பெயர் எங்குத் தொடங்குகிறது என்பதை மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டும். மனிதர் என்னும் சொல்லுக்குள் முதல் பெண் அடங்குகிறாளா என்பதும் அம்முடிவைச் சார்ந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பையும், 1995இன் பொது மொழிபெயர்ப்பையும் இந்நோக்கில் ஒப்பிடலாம்.

1. பெயர் தொடங்கும் இடம்

எபிரேயத்தில் 'ஹா' என்னும் வரையறைச் சொல் இயற்பெயரின் முன் வருவதில்லை. இரண்டு, மூன்றாம் அதிகாரங்களில் பெரும்பாலும் 'ஹாஆதாம்' என்றே உள்ளது, அஃதாவது, 'அம்மனிதர்'. 2:20, 3:17, 3:21 ஆகிய இடங்களில் வேற்றுமை முன்னொட்டு சேர்வதால் வரையறையின் உண்மை உயிர்க்குறியால் மட்டுமே தெரியும். அக்குறிகளோ மெய்யெழுத்து மூலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் மசோரெத்தியர் இட்டவை. ஐயத்துக்கு இடமின்றி இயற்பெயராக நிற்பது 4:25இல்தான். கிரேக்கச் செப்துவசிந்தா 2:16இலேயே பெயரைத் தொடங்கிவிட்டது. இலத்தீன் வுல்காத்தா 2:19இல் தொடங்கியது. பழைய தமிழாக்கமும் 2:19இலேயே 'ஆதாம்' என்கிறது. இதனால், பெண் படைக்கப்படும் முன்னரே 'ஆதாம்' என்னும் ஆணொருவன் கதைக்குள் வந்துவிடுகிறான். 5:1இல் 'ஆதாம்' எனப்பட்ட அதே சொல், அடுத்த வசனத்தில் இருபாலார்க்கும் இடப்பட்ட பெயராகும்போது 'மனுஷர்' ஆகிறது. இரண்டும் ஒரே சொல் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை.

2. ஒருமையும் பன்மையும்

1:27இல் மூலம் 'அவனை' என ஒருமையில் தொடங்கி 'அவர்களை' எனப் பன்மைக்கு மாறுகிறது. பழைய மொழிபெயர்ப்பு இம்மாற்றத்தைக் காத்தது. ஆனால் 'மனுஷன்' என்னும் அன் ஈறு முதலிலேயே ஆண்பாலை நிறுவிவிட்டது. பொது மொழிபெயர்ப்பு 'மானிடர்' எனப் பலர்பாலில் தொடங்கி இருபாலாரையும் உள்ளடக்கியது, ஒருமை மறைந்தது.

3. ஒலியும் பொருளும்

ஆதாம் எடுக்கப்பட்டது 'அதாமா'விலிருந்து, அஃதாவது விளைநிலத்திலிருந்து. இவ்வொலியுறவே கதையின் முதுகெலும்பு. பழைய தமிழாக்கம் 'அதாமா'வை 2:5இல் 'நிலம்', 3:17இல் 'பூமி', 3:23இல் 'மண்' என மும்முறை மாற்றியது. ஒலியைத் தமிழில் மீட்க இயலாது. ஒரே சொல்லைத் தொடர்ந்து ஆண்டிருந்தால் உறவேனும் புலப்பட்டிருக்கும்.

2:23இன் 'ஈஷ்', 'இஷ்ஷா' இணை இன்னும் நுட்பமானது. பழைய தமிழாக்கத்தின் 'மனுஷன்', 'மனுஷி' இணை செவிக்கு நிறைவானது. அவ்வசனத்தின் காரணத் தொடர்பும் அதனால் நிலைக்கிறது. எனினும் அதற்குத் தந்த விலை பெரிது. 'ஈஷ்' என்னும் சொல் அங்குத்தான் முதன்முறையாக வருகிறது. அதுவரை 'ஆதாம்' மட்டுமே. இரண்டையும் 'மனுஷன்' என்றதால், பெண் தோன்றிய பின்னரே 'ஆண்' என்னும் சொல் தோன்றும் வரிசை அழிந்தது. மேலும், ஈஷ், இஷ்ஷா ஆகியவை வெவ்வேறு வேரினவாகலாம் என்பர். தமிழில் 'மனுஷி' வெளிப்படையாகவே 'மனுஷ' என்னும் பகுதியிலிருந்து பிறக்கிறது. ஒலியொப்புமை பிறப்புறவாகிவிட்டது. பொது மொழிபெயர்ப்பின் 'ஆண்', 'பெண்' ஒலியில் தொலைவானவை. ஆயின் 'மனிதன்' வேறு, 'ஆண்' வேறு என்பதைக் காக்கின்றன.

'ஹவ்வா' என்னும் பெயரின் காரணம் உயிர் வாழ்தல். 3:20இல் செப்துவசிந்தா அதனை 'சோயே' (உயிர்) என மொழிபெயர்த்து, 4:1இல் ஒலிபெயர்த்தது. தமிழின் 'ஏவாள்' ஆள் ஈறு பெற்றுச் சாராள், மரியாள் வரிசையில் சேர்ந்தது, காரணப்பெயர் இடுகுறியாயிற்று. வடிவளவில் அது 'ஏவமாட்டாள்' என்னும் எதிர்மறை முற்றாகவும் நிற்பது தற்செயல்.

4. மதிப்பீடு

பெண் பிரிக்கப்படும் வரை 'ஹாஆதாம்' பால் வேறுபாடற்ற உயிர் எனப் பிலிஸ் டிரிபிள் 1978இல் வாதிட்டார். 2:25இலும் 3:8இலும் அதே சொல் மனைவியையுடைய ஆணையே குறிப்பது இதற்கு எதிர்ச்சான்று. சொல்லின் வேரிலிருந்து இறையியலைக் கறக்கலாகாது என்னும் ஜேம்ஸ் பாரின் 1961ஆம் ஆண்டு எச்சரிக்கையும் இங்குப் பொருந்தும். இவ்வழக்கைத் தீர்ப்பது மொழிபெயர்ப்பாளர் கடனன்று. மூலம் திறந்து வைத்ததை மூடாதிருப்பதே கடன்.

அதற்குத் தமிழில் ஒரு வடிவம் உண்டு. 'மனிதர்' ஒருவரையும் பலரையும், ஆணையும் பெண்ணையும் குறிக்க வல்லது. பொது மொழிபெயர்ப்பும் இரண்டாம் அதிகாரத்தில் 'மனிதன்' என்றே இறங்கியது குறையே. 'மனிதர்' என ஆண்டால், கடவுளைச் சுட்டும் 'அவர்' என்பதோடு மயக்கம் நேரும் என்னும் தடை உண்மையானது. ஆனால் மூலம் சுட்டுப்பெயரைச் சார்ந்திராமல் பெயர்ச்சொல்லையே பலகால் மீட்டுச் சொல்கிறது; தமிழும் அவ்வாறு சொல்லலாம். 4:25 வரை 'மனிதர்', அதன்பின் 'ஆதாம்' என அமையும் மொழிபெயர்ப்பில், முதல் பெண் தன் கதையின் முதற்சொல்லிலேயே இடம் பெறுவாள்.