விவியன் மேயரின் படங்களும் பிறர் போட்ட பிரிண்டுகளும்

சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர் விவியன் மேயர். வாடகை கட்டாததால் 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின, 2009இல் இறந்தார். லட்சத்தைத் தொடும் நெகட்டிவ்கள். நூற்றுக்கணக்கான சுருள்களைக் கழுவக்கூட இல்லை.

கழுவுவது ரசாயன வேலை. டெவலப்பர், ஃபிக்ஸர், தண்ணீர். அதில் பெரிதாகச் சண்டை வராது. வம்பெல்லாம் பிரிண்டில்தான். அவருடைய ரோலிஃபிளெக்ஸ் தந்தது சதுர நெகட்டிவ். கண்காட்சிகளில் இன்று நாம் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த முழுச் சதுரம்தான். ஆனால் அவர் இருந்த காலத்துப் பிரிண்டுகளில் பல, ஓரம் வெட்டப்பட்டவை. சுற்றியுள்ள தெருவைத் தள்ளிவிட்டு ஆளை நெருங்குகிறார். அதாவது, 'என்னா ஒரு காம்போசிஷன்!' என்று நாம் வாய்பிளக்கும் காலியிடத்தை அவரே தூக்கிப்போட்டிருக்கலாம்.

எனக்கு அந்தச் சின்ன, வெட்டுப்பட்ட பிரிண்டுகள்தான் முக்கியம். பளபளப்பு குறைவுதான், இருக்கட்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற அவருடைய முடிவு அதில் இருக்கிறது. இறந்த எழுத்தாளரின் கைப்பிரதியில் பதிப்பாசிரியர் கைவைத்தால் சண்டைக்குப் போகிறோம் இல்லையா? இங்கே மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்? படத்தடியில் பிரிண்ட் போட்டவர் பெயரும் ஆண்டும் இருந்தே ஆகணும்.