கொசு விரட்டியும் கான்டாக்ட் லென்ஸும்: செரங்கெட்டியில் ஒரு சோதனை

தான்சானியாவுக்கு சஃபாரி கிளம்புகிறவர்கள் கேமராவுக்கும் தொலைநோக்கிக்கும் மாதக்கணக்கில் விமர்சனம் படிக்கிறார்கள். கழுத்தில் தடவும் கொசு விரட்டியையும் கண்ணில் வைக்கும் லென்ஸையும் மட்டும் கடைசி நாளில் வாங்கிப் பையில் திணிக்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல பொருள்கள்தான். இரண்டையும் தொடுவது ஒரே விரல் என்பதில்தான் சிக்கல்.

தராங்கிரே, செரங்கெட்டி, ங்கொரொங்கொரோ என்று போகும் வடக்குச் சுற்றில் மூன்று வகை விரட்டிகளையும் இரண்டு வகை லென்ஸ்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். கொசுவை எது வேகமாக விரட்டுகிறது என்று ஒப்பிடும் விமர்சனங்கள் நிறைய உண்டு. லென்ஸ் போடுகிறவருக்கு எது தொல்லை தராது என்பதே இங்கே கேள்வி.

டீட்: வலிமை உண்டு, வழவழப்பும் உண்டு

அமெரிக்க ராணுவத்துக்காக 1946இல் உருவாகி, 1957இல் பொதுமக்கள் கைக்கு வந்தது டீட். இன்றும் மற்ற விரட்டிகளை இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். 20 முதல் 30 சதவீதம் டீட் இருந்தால் மாலையில் தடவியது பல மணி நேரம் தாங்கும். 50 சதவீதத்தைத் தாண்டினால் காப்பு நேரம் குறிப்பிடும்படி கூடுவதில்லை. ஆகவே 98 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட குப்பியை லென்ஸ் போடுகிறவர் வாங்கத் தேவையே இல்லை.

டீட் ஒரு கரைப்பானும்கூட. பழைய பேனா ஒன்றின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் பிசுபிசுத்து, தொட்டதும் கைரேகை பதிந்தது. கைக்கடிகாரக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி பிரேம், ரேயான், ஸ்பான்டெக்ஸ், தோல், வார்னிஷ் எல்லாம் இதனால் கெடும். பருத்தி, கம்பளி, நைலானுக்கு ஒன்றும் ஆகாது.

மென்மையான லென்ஸும் ஒருவகைப் பாலிமர்தான், அதுவும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. விரலில் இருப்பது அதில் ஏறினால் லென்ஸைக் கழற்றும்வரை கண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டீட் தடவிய கையை ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். வழவழப்பு போகவில்லை. இரண்டாவது முறை, நகக்கண்வரை தேய்த்த பிறகுதான் விரல் சுத்தமானது. தண்ணீரை அளந்து தரும் கூடார முகாமில் இது சின்ன விஷயம் இல்லை.

இகாரிடின்: இந்தப் பயணத்துக்கு ஏற்றது

பிக்காரிடின் என்றும் அழைக்கப்படும் இகாரிடினை 1980களில் பேயர் நிறுவனம் உருவாக்கியது. 20 சதவீத அளவில் கொசுவிடம் இது டீட்டுக்குச் சளைத்ததல்ல. பிளாஸ்டிக்கைக் கரைக்காது, வாசனை குறைவு, தோலில் சீக்கிரம் காய்ந்துவிடும். தொலைநோக்கியையும் கேமராவையும் நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் சஃபாரிக்காரருக்கு இந்த ஒரு காரணமே போதும். சாயர் நிறுவனத்தின் 20 சதவீத லோஷன் குப்பி 14 மணி நேரம் என்று சொல்கிறது. வியர்வை, புழுதி, துண்டால் துடைப்பது எல்லாம் சேர்ந்தால் அந்தக் கணக்கு நிற்காது. காலையில் தடவியதை நம்பி மாலையைக் கழிக்காமல், இருட்டும் முன் மறுபடி தடவிக்கொண்டேன்.

பிளாஸ்டிக்குக்குக் கெடுதல் இல்லை என்பதால் கண்ணுக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணில் பட்டால் இதுவும் எரியும். கை கழுவும் வேலை குறைகிறதே தவிர ஒழிவதில்லை.

மூன்றாவதாகப் பார்த்தது எலுமிச்சை வாசனை யூக்கலிப்டஸ் எண்ணெயிலிருந்து வரும் விரட்டி. ‘இயற்கை’ என்ற சொல்லுக்காகப் பலர் வாங்குகிறார்கள். கொசுவை விரட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணைக் கடுமையாக உறுத்தும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத் தடவக் கூடாது. லென்ஸ் போடுகிறவர் இதைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

ஸ்ப்ரேயா, லோஷனா?

கூடாரத்துக்குள் ஸ்ப்ரே அடித்தால் சாரல் தலையணை, துண்டு, திறந்திருக்கும் லென்ஸ் டப்பா என்று எல்லா இடத்திலும் இறங்கும். ஸ்ப்ரேதான் கையில் இருக்கிறது என்றால் வெளியே போய் அடியுங்கள். முகத்தில் நேராக அடிக்கவே கூடாது. விரட்டியில் நனைத்த ஈரத்துடைப்புத் தாள்கள் எனக்கு ஸ்ப்ரேயைவிடப் பிடித்தன. கணுக்கால், கழுத்து, காதுமடல் என்று துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. நெற்றியில் எதுவும் வேண்டாம். வியர்த்தால் அது வழிந்து கண்ணுக்குத்தான் வரும். தொப்பியின் விளிம்பில் தடவுவது அதைவிட நல்லது. வெயில் தடுப்புக் கிரீம் போடுவதானால் முதலில் கிரீம், அது ஊறிய பிறகு விரட்டி.

லென்ஸ்: தினசரியா, மாதமா?

மாத லென்ஸுக்குக் கரைசல் குப்பி, டப்பா, தேய்த்துக் கழுவும் வேலை எல்லாம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு முறை நன்றாகச் சுத்தம் செய்யும். ஆனால் 3 சதவீதப் பெராக்சைடைப் பிளாட்டினம் வில்லை முறிக்க 6 மணி நேரமாவது ஆகும். அதற்குமுன் எடுத்துக் கண்ணில் வைத்தால் எரிச்சல் தாங்க முடியாது. அதற்குரிய டப்பாவை நிமிர்த்தியே வைக்க வேண்டும். விடியுமுன் கிளம்பும் வண்டியில், குலுங்கும் மண்சாலையில், இது நடக்கிற காரியம் இல்லை.

தினசரி லென்ஸை ஒரு நாளில் இரண்டே முறை தொடுகிறோம், போடும்போதும் கழற்றும்போதும். புழுதி புகுந்து உறுத்தினால் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் பிரிக்கலாம். வறண்ட மாதங்களில் கூரையைத் திறந்துவைத்து ஓடும் லேண்ட் குரூசருக்குள் புழுதிக்குப் பஞ்சமே இல்லை. உள்நாட்டுச் சிறு விமானங்களில் மிருதுவான பையில் 15 கிலோதான் என்ற வரம்பு பரவலாக உண்டு. அங்கேயும் சின்ன லென்ஸ் உறைகள்தான் சௌகரியம்.

குப்பை கூடுவது தினசரி லென்ஸின் குறை. தான்சானியா 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்திருக்கிறது. கழிப்பறைப் பொருள்கள் வைக்கும் ஜிப் பைக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். காலியான லென்ஸ் உறைகளையும் அதிலேயே போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எந்த லென்ஸானாலும் தண்ணீர் படக் கூடாது. குழாய்த் தண்ணீர் மட்டுமல்ல, பாட்டில் தண்ணீரும் கிருமி நீக்கியது இல்லை. தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் அகந்தமீபா கருவிழியைத் தொற்றினால் பார்வையே போகலாம். பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவலாம். கழுவிய கை நன்றாக உலர்ந்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும்.

சூரியன் தரும் கால அட்டவணை

பூமத்திய ரேகைக்கு இத்தனை அருகில் ஆண்டு முழுக்க மாலை ஆறரையிலிருந்து ஏழுக்குள் சூரியன் மறைந்துவிடும். வண்டிகள் இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது செரங்கெட்டியின் பொதுவான விதி. மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கொசு கடிப்பதோ அந்தியிலிருந்து விடியல்வரை. ஆக, விலங்கு பார்க்க லென்ஸ் தேவைப்படும் நேரமும் விரட்டி கட்டாயமாகத் தேவைப்படும் நேரமும் பெரும்பாலும் வேறு வேறு.

இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. முகாமுக்குத் திரும்பியதும் கையைக் கழுவி லென்ஸைக் கழற்றுங்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டுங்கள். அதன் பிறகு விரட்டி. இரவில் லென்ஸ் இல்லாததால் விரட்டி விரலைப் பற்றிக் கவலையே இல்லை. விடியற்காலையில்தான் இரண்டும் மோதுகின்றன. ஐந்தரைக்கு எழுந்தால் இன்னும் இருட்டு, கொசுவும் இருக்கும். அப்போது முதலில் லென்ஸ், கடைசியாக விரட்டி. பகலில் கண் உறுத்தினால் லென்ஸுக்கென்றே விற்கும் சொட்டு மருந்தை, குப்பியின் நுனி கண்ணில் படாமல் விடுங்கள். இதற்கு விரல் தேவையே இல்லை.

கண்ணில் விரட்டி பட்டுவிட்டால் தண்ணீர்த் தடை பொருந்தாது. சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவத் தொடங்குங்கள். 5 நிமிடம் கழித்து லென்ஸை எடுத்துவிட்டு, மொத்தம் 15 முதல் 20 நிமிடம்வரை கழுவுங்கள். அந்த லென்ஸ் குப்பைக்கு. எரிச்சலோ சிவப்போ தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

செட்சி ஈக்கு வேறு வழி

தராங்கிரேயிலும் செரங்கெட்டியின் மேற்கிலும் பகலில் கடிப்பது செட்சி ஈ. ஓடும் வண்டியைத் துரத்தி வரும், மெல்லிய துணிக்கு மேலேயே குத்தும். எந்த விரட்டியும் அதனிடம் பெரிதாகச் செல்லுபடியாகவில்லை. நீலமும் கறுப்பும் அதை இழுக்கும் நிறங்கள். அதனால்தான் அங்கே மரங்களில் நீலம், கறுப்புத் துணிகளைப் பொறியாகத் தொங்கவிடுகிறார்கள். அதே நிறத்தில் சட்டை போட்டுப் போகாதீர்கள். தடித்த காக்கி அல்லது சாம்பல் நிற முழுக்கைச் சட்டைதான் காப்பு. கொசுவுக்காக 0.5 சதவீதப் பெர்மெத்ரினை வீட்டிலேயே துணியில் அடித்து உலர்த்திக்கொள்ளலாம். அது துணிக்கு மட்டும், தோலுக்கு இல்லை. வீட்டில் பூனை இருந்தால் துணி காயும்வரை கிட்டே விடாதீர்கள்.

எதை வாங்கலாம்?

தினசரி லென்ஸ், 20 சதவீத இகாரிடின் லோஷன் அல்லது துடைப்புத் தாள், பெர்மெத்ரின் அடித்த உடை. லென்ஸ் போடுகிறவருக்கு என் தேர்வு இதுதான். டீட் மட்டுமே கிடைத்தால் 30 சதவீதத்துக்குள் வாங்கி, கையை இரண்டு முறை கழுவுங்கள். பெராக்சைடு முறையையும் யூக்கலிப்டஸ் விரட்டியையும் இந்தப் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பணத்தை இன்னும் ஒரு பொருளில் போடலாம் என்றால் நல்ல மூக்குக்கண்ணாடியில் போடுங்கள், பழைய பவர் உள்ளதை எடுத்துப் போகாதீர்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு மீதிப் பயணத்தைக் கண்ணாடியோடுதான் முடிக்க வேண்டும். கண் மருத்துவர் இருக்கும் ஊருக்குப் போக விமானம் பிடிக்க வேண்டிய இடம் அது.