பாட்டிக்கும் சொல்லித்தரணும்

ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு விளையாடப் பெற்றோருக்குச் சொல்லித்தந்த 'பாஸ்' ஆய்வை (2016) மறுபடி படித்தேன். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகள். சொல்லித்தந்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பணியாளர்கள். விளையாட்டை வீடியோ எடுத்து, பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளையின் போக்கில் போகப் பெற்றோர் பழகினார்கள். பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. ஆனால் இருவரும் ஒன்றிலேயே கவனம் வைக்கும் நேரம் குறைந்தது. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

தெரபிக்காக ஜவ்வாது மலையிலிருந்து வாராவாரம் இறங்க முடியாத குடும்பத்துக்கு, வீடு தேடி ஆள் வருவதே பெரிய விஷயம். என் குறை ஒன்றுதான்: ஆய்வு முக்கியமாகப் பார்த்தது பெற்றோரை. அம்மா சாமைக்காட்டுக்குப் போனால் பிள்ளையோடு இருப்பது பாட்டியும் அக்காவும்தானே? புளியங்கொட்டையை வரிசையா அடுக்குற பிள்ளையைத் தடுக்காம, பக்கத்துல உட்கார்ந்து அடுத்த கொட்டையை நீட்ட அவங்களுக்கும் சொல்லித்தரணும்.