தமிழாசிரியருக்கு எட்டாத சுற்றுச்சூழல் பயிற்சி: ஒரு விமர்சனம்

நாள் பாடத்திட்டத்தில் 'விரவிவரும் கூறுகள்' என்றொரு கட்டம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நண்பர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 'சுற்றுச்சூழல் நிலைத்தன்மை' என்று அதில் நிரப்பிவிட்டால் மேற்பார்வைக்கு வருபவர் தலையசைத்துவிடுவார். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பத் தமிழாசிரியருக்கு யார், எங்கே, எப்போது பயிற்சி கொடுத்தார்கள்? கேமரன் மலையில், அதிலும் கியா பார்ம் பக்கத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு இந்தக் கேள்வி சும்மா எழுவதில்லை. வகுப்பறைச் சன்னலைத் திறந்தாலே பாடம் வெளியே நிற்கிறது.

நாட்டில் வாய்ப்பே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. சுற்றுச்சூழல் துறையும் கல்வி அமைச்சும் சேர்ந்து 2005இல் தொடங்கிய செக்கோலா லெஸ்தாரி விருதுத் திட்டம் இருக்கிறது. 2011 முதல் உலக வனவிலங்கு நிதியத்தின் மலேசியக் கிளை நடத்தும் எக்கோ ஸ்கூல்ஸ் இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகம் பள்ளிகளில் இயற்கை மன்றங்களை நடத்துகிறது. நம் மலையிலேயே ரீச் என்ற அமைப்பு உண்டு. இவற்றையொட்டிப் பட்டறைகளும் விளக்கக் கூட்டங்களும் நடக்கின்றன. அழைப்புக் கடிதம் பள்ளிக்கு வந்ததும் அது யார் மேசைக்குப் போகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். அறிவியல் ஆசிரியர், புவியியல் ஆசிரியர், இருவரும் முடியாது என்றால் புறப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியர். தமிழாசிரியரின் முறை வருவது சுவரொட்டிப் போட்டிக்கு வாசகம் எழுதித் தரும்போதுதான்.

செக்கோலா லெஸ்தாரி திட்டத்தை வடிவமைத்தவர்கள் மேலாண்மை, கலைத்திட்டம், புறப்பாடம், பசுமையாக்கம் என நான்கு கூறுகளை வைத்தார்கள். இதில் கலைத்திட்டம் என்பது எல்லாப் பாடங்களுக்கும் உரியது. தாளில் அது நல்ல சிந்தனைதான். நடைமுறையில் மதிப்பெண் வாங்குவதற்குக் கண்ணுக்குத் தெரிகிற பசுமையாக்கம் வசதியாகப் போய்விடுகிறது. பூந்தொட்டியைப் படம் எடுக்கலாம். ஒரு மாணவனின் பார்வை மாறியதை எப்படிப் படம் எடுப்பது? ஆகவே கோப்பு தடிக்கிறது. எக்கோ ஸ்கூல்ஸ் இந்த விஷயத்தில் சற்று மேல் என்பது என் கணிப்பு. மாணவர் குழு அமைத்ததும் அடுத்த படியாகப் பள்ளியின் நிலவரத்தை மாணவர்களே ஆய்வு செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. ஆய்வு வந்தால் கேள்வி கேட்பதும் அறிக்கை எழுதுவதும் கூடவே வந்துவிடும். அவை மொழிப்பாட வேலைகள். ஆனால் அங்கேயும் மொழியாசிரியரை யாரும் தேடுவதில்லை.

யுனெஸ்கோ 2021இல் வெளியிட்ட ஆசிரியர் கருத்தாய்வு ஒன்று இந்த இடைவெளியைக் காட்டுகிறது. பருவநிலை மாற்றத்தைக் கற்பிப்பது முக்கியம் என்று 95 விழுக்காட்டினர் சொன்னார்கள். தங்கள் சொந்த வட்டாரத்தில் அதன் விளைவு என்ன என்று நன்றாக விளக்க முடியும் என்றவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். எல்லாருக்கும் உருகும் பனிமலையும் துருவக் கரடியும் தெரிகிறது, பக்கத்து ஓடை தெரியவில்லை. நம் பயிற்சிகளின் குறையும் இங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்து ஓடை என்ன கதை சொல்கிறது? காய்கறித் தோட்டத்துக்காகச் சரிவை வெட்டுகிறார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த வேர் போய்விடுகிறது. பயிர் மேல் மழை விழாமலிருக்கப் பிளாஸ்டிக் கூடாரம் போடுகிறார்கள். கூரையில் விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஒரே வேகத்தில் வடிகாலுக்கு ஓடுகிறது, மண்ணையும் வாரிக்கொண்டு. அந்த மண் பெர்த்தாம் ஆற்றின் வழியாக ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிகிறது. படியப் படிய, தேக்கம் தாங்கும் தண்ணீரின் அளவு குறைகிறது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், கனமழையில் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அப்போது சிறு குழந்தைகள் அல்லது பிறக்காதவர்கள். வீட்டில் அம்மா அப்பா சொல்லக் கேட்டிருப்பார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து ஒரு தவணை முழுக்கத் தமிழ்ப்பாடம் நடத்தலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தப் பட்டறையிலும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. 'காட்டை அழிப்பவர்கள் சுயநலவாதிகள்' என்று ஒரு கட்டுரையை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்கப்பா கெபுன்லதான் வேல செய்றாரு, அவரும் சுயநலவாதியா?" என்று கேட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவன் கேட்டதுதான் சுற்றுச்சூழல் கல்வி. இம்மலையில் பல காய்கறித் தோட்டங்கள் ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் நடந்து வந்தன. அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன் மண்ணரிப்பைத் தடுக்கப் பணம் போடுவானா? சம்பளத்துக்கு மண்வெட்டி பிடிப்பவன் மட்டும் என்ன செய்வான்? அந்தக் காய்கறியைச் சந்தையில் மலிவாகக் கேட்டு வாங்குபவர்களும் நாம்தானே! குற்றவாளியைத் தேடும் பாடத்தை எளிதாக நடத்திவிடலாம். காரணங்களை அவிழ்த்துக் காட்டும் பாடத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். அடுத்தவர் மனம் புண்படாமல் இதை வகுப்பில் விவாதிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால், மறுசுழற்சித் தொட்டிகளின் நிறங்களைப் பற்றிய பத்து விளக்கக் காட்சிகளைவிட அது மேல்.

இனி நம் பக்கத்துக் குறை. தமிழாசிரியர் மாநாடுகளில் சுற்றுச்சூழல் என்றாலே 'அன்றே சொன்னான் தமிழன்' என்ற பாணியில் ஒரு கட்டுரை வந்துவிடும். ஐந்திணையைச் சூழலியல் என்று அறிவித்துவிட்டுக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். திணை என்பது முதலில் அகப்பாடலின் இலக்கண மரபு. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதால் மாணவனுக்கு லாபமில்லை. குறிஞ்சிப் பாடல்களில் வரும் தினைப்புனம் எப்படி உண்டானது? மலைச்சரிவில் மரங்களை வெட்டி, எரித்து, அந்தச் சாம்பலில் விதைத்தது. சந்தனமும் அகிலும் எரிந்த மணத்தைக்கூடப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். இலக்கியப் பாடத்தில் அதை ரசிக்கச் சொல்கிறோம். அடுத்த பாடவேளையில் 'திறந்தவெளி எரிப்பின் தீமைகள்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்டால் என்ன? மக்கள் தொகை குறைவாக இருந்த காலத்தில், நிலத்தை மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்த புனத்துக்கும், ஓய்வே இல்லாமல் ஆண்டு முழுதும் பயிரிடும் சரிவுக்கும் என்ன வேறுபாடு? பாலை தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டு அடையும் நிலை என்று சிலப்பதிகாரம் தருகிற விளக்கத்தை ரிங்லெட் சேற்றோடு சேர்த்துப் படித்தால் எப்படி இருக்கும்? உயர்நிலைச் சிந்தனைக்கு இதைவிட நல்ல கேள்வி தேட வேண்டியதில்லை.

இந்தியாவின் அனுபவத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. கட்டாயம் என்றதும் புத்தகம் வந்தது, தேர்வும் வந்தது. புத்தகமும் தேர்வும் வந்த இடத்தில் மனப்பாடம் வராமல் இருக்குமா? ஆனால் அதே நாட்டில், சென்னையில் 1989இல் தொடங்கிய சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதோடு கோயில் காடுகளையும் ஆவணப்படுத்தியிருக்கிறது. மொழி, வழிபாடு, ஊர்க்கதை வழியாக இயற்கைக்குள் நுழைகிற இந்த வழி தமிழாசிரியருக்கு இயல்பாகப் பொருந்தும்.

எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களுக்கும் இதில் சங்கதி உண்டு. 'சுற்றுச்சூழலைப் பேணுவது நம் ஒவ்வொருவரின் தலையாய கடமையாகும்' என்று தொடங்கும் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் அன்றே பல முறை படித்திருப்பார். இதைப் பாருங்கள்: 'எங்கள் பள்ளிக்குக் கீழே ஓடும் ஓடையில் மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடுகிறது. ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்தால் மாலைக்குள் அடியில் மண் தங்கிவிடுகிறது. அந்த மண் நேற்று வரை ஒரு மலையில் இருந்தது.' நான்கு வரிகூட இல்லை, அருஞ்சொல் எதுவும் இல்லை. ஆனால் காரணம், விளைவு, சான்று மூன்றும் வந்துவிட்டன. மரபுத்தொடரும் பழமொழியும் இதற்குப் பிறகு தாராளமாக வரட்டும்.

ஆக, நமக்கு வேண்டிய பயிற்சி எது? மாநிலத் தலைநகர் குவாந்தானுக்குப் போய்வர நாள் கணக்கில் செலவாகும். ஓட்டல் மண்டபமும் வேண்டாம். இரண்டு நாள் போதும், இங்கேயே நடத்தலாம். முதல் நாள் காலை பிரிஞ்சாங் மலையின் பாசி படர்ந்த காடு, மதியம் ஒரு காய்கறித் தோட்டம், மாலையில் ரிங்லெட் நீர்த்தேக்கம். தண்ணீர் போகும் வழியிலேயே ஆசிரியர்களும் போகட்டும். தோட்டக்காரரைப் பேசச் சொல்லிக் கேட்கட்டும். இரண்டாம் நாள், பார்த்ததைப் பாடமாகவும் வாசிப்புப் பகுதியாகவும் கேள்வித்தாளாகவும் மாற்றும் வேலை. சங்கம் முன்னின்று செய்தால், வேறு பள்ளி ஆசிரியர்களும் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ ஏறி வரலாம்.

அந்த இரண்டாம் நாளில் கட்டாயம் ஒரு சொற்பட்டியல் தயாராக வேண்டும். மண்ணரிப்பு, வண்டல் படிவு, நீர்ப்பிடிப்புப் பகுதி போன்ற சொற்களை நம் பிள்ளைகள் மலாயில் கேட்டிருக்கிறார்கள், தமிழில் கேட்டதில்லை. இன்னொரு பக்கம், கொழுந்து, கவாத்து என்று தேயிலைக் காட்டில் புழங்கிய சொற்கள் தாத்தா பாட்டிகளோடு நின்றுகொண்டிருக்கின்றன. 1929இல் போ நிறுவனம் தேயிலை போடத் தொடங்கிய காலத்தில் தோட்டத்தில் கேட்டது தமிழ்க் குரல். இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சரிவில் மண் நழுவாமலிருக்க அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள், அதற்கு என்ன பேர் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள லயத்தில் இன்னும் சில பெரியவர்கள் இருக்கிறார்கள். பட்டறைக்குத் தேதி குறிக்கும்வரை காத்திருக்காமல், வருகிற பள்ளி விடுமுறையிலேயே மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.