சாமிநாதனுக்கும் பாண்டியனுக்கும் நடுவே

தில்லி முனிர்காவுக்கு வடக்கே தமிழ்ச் சங்கம் இயங்கும் ராமகிருஷ்ணபுரம்; தெற்கே ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். தமிழ் சினிமா பற்றித் தில்லித் தமிழர்கள் எழுதியவையும் ஏறக்குறைய இப்படி இரு பக்கமாகப் பிரிந்தே கிடக்கின்றன. ஒருபக்கம், மத்திய அரசு ஊழியராக இந்நகரில் பல்லாண்டு வாழ்ந்த வெங்கட் சாமிநாதன். தமிழ்ப் படங்களில் காட்சி உணர்வே இல்லை, வசனமும் மிகைநடிப்புமே மிஞ்சுகின்றன என்பது அவர் கட்சி. குறை சொல்வதோடு நிற்காமல் ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்கு (1977) திரைக்கதையும் எழுதினார். மறுபக்கம், 2014இல் மறையும்வரை ஜே.என்.யூ.வில் வரலாறு கற்பித்த எம்.எஸ்.எஸ். பாண்டியன். எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் ஏழைகளின் மனத்தை எப்படிப் பிடித்தது என்று ஆராய்ந்து 1992இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ‘பராசக்தி’யின் அரசியலைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையும் புகழ்பெற்றது. இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் பழைய படம் ஒன்றை விரும்பிப் பார்க்கிறவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி இருவரிடமும் விடுபட்டுப்போகிறது. அதற்குப் பதில் தேட ரசிகரின் சொந்த விமர்சனத்திடம்தான் போக வேண்டும். அதை இலக்கிய வகையாகவே மதிக்க வேண்டும் என்பது என் வாதம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் ‘நலந்தானா’ காட்சியை எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி கணேசன் செய்தது வாயசைப்பும் விரலசைப்பும். காயம்பட்ட வித்வானை நடனமாடியபடியே பத்மினி நலம் விசாரிக்க, வலியையும் வித்வச் செருக்கையும் காதலையும் வாத்தியம் அடைத்த வாயோடு சிவாஜி காட்ட வேண்டும். கண்ணும் புருவமும் கழுத்து நரம்பும்தான் மிச்சம். மிகைநடிப்பு என்று ஒதுக்கினால் இந்தக் கட்டுப்பாடு கண்ணில் படாது. பிம்ப அரசியல் என்று படித்தாலும் இதற்கு இடமில்லை. பலமுறை பார்த்த ரசிகருக்குத்தான் இது தெரிகிறது, ஏனென்றால் கதை தெரிந்துவிட்ட பிறகே கண் நடிப்பின் நுணுக்கங்களில் தங்குகிறது. இதை இயக்கிய ஏ.பி. நாகராஜனின் படங்களைப் பற்றி நல்ல விமர்சனம் இனிமேல் வருவதானால் இந்தத் திசையிலிருந்தே வரும் என்று நம்புகிறேன்.

தனிமனித ருசி எப்படி விமர்சனமாகும் என்று கேட்பார்கள். ருசியை மட்டும் அறிவித்தால் ஆகாது. காரணத்தைக் காட்சியில் தொட்டுக் காட்டினால் ஆகும். பெயரில்லாத தீர்ப்பு இதைவிட நடுநிலையானது என்பதும் சரியில்லை. ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ (1977) படத்துக்கு 62.5 மதிப்பெண் தந்தது இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கழித்த 37.5 எதற்காக என்பதை அந்த எண் சொல்வதில்லை. யார் பார்த்தார், வேறு எந்தெந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்று தெரிந்தால்தானே வாசகர் மறுத்துப் பேச முடியும்?

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வெகுஜனப் படத்துக்கு அரங்கின் கூட்டமும் விசிலும் பாதி உயிர். தில்லியில் தனியே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது எங்கே கிடைக்கும்? இதில் உண்மை இருக்கிறது. 1952இல் ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தைக் கேட்ட கூட்டம் என்னவானது என்பதைத் தனி ரசிகர் ஊகிக்க மட்டுமே முடியும், அங்கே பாண்டியனைத்தான் படிக்க வேண்டும். ஆனால் கூட்டத்தின் உற்சாகமே அந்தக் காட்சியை மறைக்கவும் செய்தது. கைதட்டல் அடங்கிய பிறகு பார்த்தால், வசனம் எழுதிய கலைஞர் கருணாநிதியின் அடுக்குமொழியை முதல் படத்திலேயே சிவாஜி எங்கே மூச்சு நிறுத்தி, எங்கே குரல் தாழ்த்திப் பிரித்துக்கொள்கிறார் என்பது கேட்கிறது. அரசியல் அந்தக் குரலில் ஏறித்தான் மக்களிடம் போனது. ஆகவே பாண்டியனின் வரலாற்றுக்கும் இந்தக் கவனிப்பு தேவைப்படுகிறது.

ரசிகரின் எழுத்து துதியாகச் சரியும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் அதைச் சோதிக்க இன்று வழி உண்டு. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி கலை விமர்சனம் எழுதிய நாட்களில் வாசகருக்கு அவர் சொல்லே சாட்சி. இன்று முனிர்காவில் வாடகை அறையில் இருப்பவரும் அதே காட்சியைக் கைபேசியில் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, சிவாஜியின் கண்ணைப் பற்றி எழுதியது சரியா என்று சோதித்துவிடலாம்.